ஒரு பொம்மைக்கு நாலு பேர்: நான் போன இரண்டு சிபிஆர் வகுப்புகள்

ஈரோட்டில் நானும் வீட்டுக்காரரும் ஷட்டில் கோர்ட் வைத்திருக்கிறோம். கல்லாவில் நான்தான் உட்காருவேன். அந்தக் கல்லாவுக்குப் பின்னால் இப்போது ரப்பர் தோல் போர்த்திய அரை உடம்புப் பொம்மை ஒன்று படுத்திருக்கிறது. அதையும், அதை வாங்குவதற்கு முன் போய்வந்த இரண்டு சிபிஆர் (இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அமுக்கிச் செய்யும் முதலுதவி) வகுப்புகளையும் பற்றித்தான் எழுதுகிறேன். வகுப்பு நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. முதல் இடத்தைப் பெயர் சொல்லித் திட்டுவது என் நோக்கமில்லை. இரண்டாவது வகுப்பு எடுத்த சிஸ்டர், தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எந்த ஊரில் பணம் கட்டினாலும் என்ன கேட்டுவிட்டுக் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. டபுள்ஸ் ஆடிக்கொண்டிருந்தவர் “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டை எடுத்தார். அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டார். நாற்பத்தாறு வயசு. எட்டு வருஷமாக எங்களிடம் ஆடுகிறவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருத்தர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருத்தர் சோடா வாங்க ஓடினார். கை வெட்டி இழுத்த மாதிரி இருந்ததால் வலிப்பு என்று நினைத்து வண்டிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். நான் காலைத் தேய்த்தேன். அவரிடமிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது, நின்றது, கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது. “மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு” என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம். அப்புறம் நாலு பேர் தூக்கிக் காரின் பின் சீட்டில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார்கள்.

அந்தக் குறட்டைச் சத்தம் என்ன என்று எனக்குத் தெரிய ஐந்து மாசம் ஆயிற்று.

முதல் வகுப்புக்கு அடுத்த மாசமே போனேன். தலைக்கு அறுநூறு ரூபாய், மூன்று மணி நேரம், சான்றிதழ் உண்டு. ஏசி ஹால், நாற்பத்திரண்டு பேர், ஒரே ஒரு பொம்மை. முதல் ஒன்றரை மணி நேரம் திரையில் ஆங்கிலத்தில் பாடம் ஓடியது. அதிலும் ஒன்றை நன்றாகச் சொன்னார்கள். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைத்திருக்கும், ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும், ஆள் பேசுவார். அந்த அடைப்பினாலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். அப்போதுதான் ஆள் விழுவார், அப்போதுதான் நெஞ்சை அமுக்க வேண்டும். இது அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பொம்மை என் கைக்கு வந்தது நாற்பது நொடி, அவ்வளவுதான். பின்னால் வரிசை நின்றது. “சூப்பர் மேடம், அடுத்தவங்க வாங்க” என்றார் பயிற்சியாளர். நான் அமுக்கியது சரியா தப்பா என்று யாரும் சொல்லவில்லை. மூச்சைப் பாருங்கள் என்றார்கள், எந்த மாதிரி மூச்சு என்று சொல்லவில்லை. குரூப் போட்டோ எடுத்தோம். வீடு வந்து சேர்வதற்குள் சான்றிதழ் வாட்ஸாப்பில் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி இன்னொருத்தர் விழுந்திருந்தால் நான் மறுபடியும் காலைத்தான் தேய்த்திருப்பேன்.

இரண்டாவது வகுப்பு எங்கள் கோர்ட்டிலேயே நடந்தது. சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை செட்டில் ஆடும் வாத்தியார் மூலம் தெரிய வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பொம்மைகளை இரண்டு பெரிய பைகளில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். பதினாறு பேருக்கு மேல் ஒருத்தர்கூட வேண்டாம், ஒரு பொம்மைக்கு நாலு பேர்தான் என்று முன்னாடியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திரை இல்லை, மைக் இல்லை. வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோர்ட் தரையில் மல்லாந்து படுத்தார். வாயைத் திறந்து, தாடையை மட்டும் அசைத்து, குறட்டை மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். நிறுத்தினார். பத்து நொடி போல அசையாமல் கிடந்தார். மறுபடி அதே சத்தம்.

எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது. அதே சத்தம். அந்தச் செவ்வாய்க்கிழமை இருந்த ஆறு பேர் வகுப்பிலும் இருந்தார்கள். ஒருத்தர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சிஸ்டர் எழுந்து உட்கார்ந்து சொன்னார்: “இது மூச்சு இல்லை. இதயம் நின்ன பிறகு மூளையோட அடிப்பகுதி கொஞ்ச நேரம் இப்படி இழுக்கும். மூச்சுன்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க. தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. பதில் இல்லை, மூச்சும் சீரா இல்லைன்னா ஆரம்பிச்சிடுங்க. பத்து நொடிக்கு மேல யோசிக்காதீங்க.” கை கால் வெட்டி இழுப்பதும் இதயம் நின்ற உடனே சில பேருக்கு வருமாம். வலிப்பு என்று நினைத்துச் சாவியைத் தேடுவது அதனால்தான். இந்த ஐந்து நிமிஷத்துக்காக மட்டுமே இந்த வகுப்புக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அப்புறம் பொம்மை. நெஞ்சின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், உள்ளங்கையின் மணிக்கட்டை ஒட்டிய பகுதியை வைத்து, மேலே இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. ஐந்து செண்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறுக்கு மேல் போகாமல் அமுக்க வேண்டும். சரியான ஆழத்துக்குப் போனால் பொம்மைக்குள்ளிருந்து ‘டக்’ என்று சத்தம் வரும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. எனக்கு ‘டக்’ வந்தது, ஆனாலும் சிஸ்டர் விடவில்லை. குனிந்து என் கைக்குக் கீழே பார்த்து, “அமுக்கிட்டு மேலேயே சாஞ்சு கிடக்கிற கண்ணு. முழுசா விடு. விட்டாத்தான் ரத்தம் இதயத்துக்குத் திரும்ப வரும்” என்றார். நாற்பது நொடி வகுப்பில் இதை யார் கவனிக்க முடியும்?

இரண்டு நிமிஷம் முழுதாக அமுக்க வைத்தார். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கிப் பழகிய ஒருத்தருக்கு ஒரு நிமிஷம் தாண்டியதும் ‘டக்’ நின்றுவிட்டது. கைப் பலத்தால் அமுக்கினார். என் அண்ணன் மகள், ஒல்லிப் பெண், தோளை நேர் மேலே கொண்டுவந்து உடம்புப் பாரத்தை இறக்கினாள். கடைசி வரை சத்தம் வந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது எங்களுக்கு உடம்பிலேயே புரிந்தது. பெஞ்சு மேலே வைத்து ஒரு தடவை அமுக்கச் சொன்னார், பெஞ்சே ஆடியது. தரையில்தான் கிடத்த வேண்டும். கார் சீட்டில் அமுக்கவே முடியாது, அதனால் 108ஐக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அங்கேயே தொடங்க வேண்டும்.

ஒரு பொம்மைக்கு மட்டும் ஜாக்கெட் போட்டுத் துப்பட்டா போர்த்திக் கொண்டுவந்திருந்தார். ஆண்கள் எல்லோரும் அதில்தான் முதலில் அமுக்க வேண்டும் என்றார். பொது இடத்தில் விழும் பெண்களுக்கு மற்றவர்கள் சிபிஆர் செய்வது ஆண்களைவிடக் குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றனவாம். கூச்சத்தோடு தொட்டவர்கள் நாலாவது தடவையில் சரியாக அமுக்கினார்கள். பெண்ணாக, அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

வாயில் வாய் வைத்து ஊத வேண்டுமா என்று கேட்டோம். பெரியவர்கள் திடீரென்று விழுந்தால் பொதுமக்கள் நெஞ்சை அமுக்கினால் போதும் என்றுதான் இந்திய மயக்கவியல் நிபுணர்கள் சங்கமும் கற்றுக்கொடுக்கிறது என்றார். நெஞ்சு வலித்தால் இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸாப்பில் சுற்றுவதைப் பற்றி ஒருத்தர் கேட்டார். நினைவு இல்லாதவர் எப்படி இருமுவார் என்று சிஸ்டர் திருப்பிக் கேட்டார்.

குறை இரண்டு. நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் ஊத வேண்டும் என்று வாயால் சொன்னாரே தவிரச் செய்து காட்டவில்லை. பவானி கூடுதுறையும் காவிரியும் பக்கத்திலேயே இருக்கிற எங்களுக்கு அது கட்டாயம் வேண்டும். இன்னொன்று, மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைப் படத்தில்தான் பார்த்தோம்.

முடிந்ததும் தனியாக அவரிடம் கேட்டேன், அன்றைக்கு நாங்கள் அமுக்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று. சும்மா இருக்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரை குறையும் என்றார். “ஆனா யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. உனக்குத் தெரிஞ்சதை நீ செஞ்ச” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக, நாங்கள் வாங்கிய பொம்மை. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், ஆன்லைனில். சிஸ்டரின் பொம்மையைவிட ஸ்பிரிங் இளக்கம். ஓரமாக அமுக்கினாலும் ‘டக்’ என்கிறது, அது பெரிய குறை. மார்க்கர் பேனாவால் சரியான இடத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நிமிஷத் தெம்பைப் பழக இது போதும். ஏழு மணி செட்காரர்கள் ஞாயிறுதோறும் ஆளுக்கு இரண்டு நிமிஷம் அமுக்கிவிட்டுத்தான் கோர்ட்டில் இறங்குகிறார்கள். பழகாவிட்டால் சில மாசத்திலேயே கை மறந்துவிடும் என்று சிஸ்டர் சொன்னதால், தை மாசம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம். இந்தத் தடவை மூச்சு ஊதும் பொம்மையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பதினாறு இடத்தில் பதினொன்று நிரம்பிவிட்டது. செத்துப்போனவரின் மனைவியும் பெயர் கொடுத்திருக்கிறார்.