பர்ச்சேஸ் ரிஜிஸ்டரும் பைத்தானும்: மூன்று வருடப் பழக்கம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.காம். பைத்தான் என்ற நிரல் மொழியைக் கையில் எடுத்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. ஒரு மாதம் பழகிவிட்டு எழுதும் அனுபவத்துக்கும், மூன்று மார்ச் கணக்கு முடிவுகளைப் பார்த்துவிட்டு எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

என்னை இதற்குள் தள்ளியது ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்ற ஜி.எஸ்.டி. அறிக்கை. மாதாமாதம் 14ஆம் தேதி அது வரும். நம் சப்ளையர்கள் கணக்குத் தாக்கல் செய்த பில்கள் எல்லாம் அதில் இருக்கும். 2022 ஜனவரி 1 முதல், அதில் வராத பில்லுக்கு இன்புட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. எங்களுக்கு நூல், நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், லேபிள், பட்டன், அட்டைப்பெட்டி என்று மாதம் நானூறு பில்லுக்குக் குறையாது. எங்கள் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் (கொள்முதல் பதிவேடு) 2பி-யையும் எக்செல்லில் அருகருகே வைத்து வி-லுக்கப் என்ற தேடும் சூத்திரம் போட்டுப் பார்க்க முழுதாக இரண்டு நாள் போகும். நாங்கள் 187 என்று ஏற்றிய பில்லை சப்ளையர் 2023-24/0187 என்று தாக்கல் செய்திருப்பார். லுக்கப்புக்கு அவை இரண்டும் வேறு வேறு பில்.

வீடியோ பார்த்துக் கற்க இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பகா எண் கண்டுபிடிக்கும் பயிற்சி வரை போய் நின்றுவிட்டது. பயிற்சியில் குறையில்லை. பகா எண்ணால் எனக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். மூன்றாவது முறை பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மாத 2பி கோப்பின் நகலைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். அதைப் பைத்தானில் படிக்க வைப்பதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. மேலே பல வரிகளுக்குத் தலைப்பு, ஒன்றோடொன்று இணைத்த கட்டங்கள். எத்தனை வரியைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிச் சொல்லி, அட்டவணை ஒழுங்காகத் திரையில் வந்து நின்றபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

நான் சார்ந்திருப்பது பைத்தானுக்கான பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பை. வெஸ் மெக்கின்னி என்பவர் 2008இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது எழுதத் தொடங்கியது அது. பணக் கணக்குக்குள் பிறந்த கருவி என்பது பயன்படுத்தும்போது தெரிகிறது. அதில் மெர்ஜ் என்ற ஒரு கட்டளை போதும், எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும். இரண்டு பட்டியலையும் சேர்த்து, இரண்டிலும் இருப்பவை, நம்மிடம் மட்டும் இருப்பவை, அவர்களிடம் மட்டும் இருப்பவை என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறிப்புப் போட்டுக் கொடுக்கும். இரண்டு நாள் வேலை அரை மணி நேரமானது. மீதி நேரம் தாக்கல் செய்யாத சப்ளையர்களுக்குப் போன் செய்யப் போகிறது. அந்த வேலையை எந்த நிரலும் செய்யாது.

ஆனால் வேகத்தை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நாலாவது மாதம் ஒரு தப்பு நடந்தது. பில் எண்கள் ஒழுங்கில்லாததால் ஜி.எஸ்.டி. எண்ணையும் தொகையையும் மட்டும் வைத்து இணைத்திருந்தேன். அட்டைப்பெட்டி சப்ளையர் ஒருவர் அந்த மாதம் ஒரே தொகைக்கு இரண்டு பில் போட்டிருந்தார். நம் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்து இரண்டோடும் ஜோடி சேர்ந்து நான்கு வரியாகிவிட்டன. திரையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. நிரல் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது.

பிடித்துக் கொடுத்தது கணக்குப் பழக்கம்தான். கடைசியில் கூட்டுத்தொகையை 2பி-யின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டேன், நம்முடையது அதிகமாக நின்றது. அப்படியே தாக்கல் செய்திருந்தால் அதிகப்படி இன்புட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டி வந்திருக்கும். இப்போது பில் எண்ணின் கடைசி இலக்கங்களையும் சேர்த்தே இணைக்கிறேன். மெர்ஜிலேயே வேலிடேட் என்று ஒரு வசதி உண்டு. ஒன்றுக்கு ஒன்றுதான் சேர வேண்டும் என்று அதில் சொல்லிவிட்டால், மீறும் இடத்தில் நிரல் நின்றுவிடும். நிற்கும் நிரலைக் கண்டு நான் பயப்படுவதில்லை. தப்பான தொகையோடு ஓடி முடிகிற நிரலைக் கண்டுதான் பயம். இரண்டு பக்கமும் டேலி ஆகாமல் வீட்டுக்குப் போகாதவர்களுக்கு நிரல் எழுதுவதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சின்னச் சின்னக் கண்ணிகளும் உண்டு. 0045 என்ற பில் எண்ணை எண்ணாகப் படித்தால் 45 ஆகிவிடும், எழுத்தாகப் படி என்று முன்பே சொல்ல வேண்டும். தேதி இன்னும் மோசம். 03/04/2023 என்பதை மாதம் முதலில் என்று எடுத்துக்கொண்டதால், ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகி, பில்லே போன நிதியாண்டுக்குப் போய்விட்டது. நாள்தான் முதலில் என்று சொல்ல ஒரு சொல் போதும்.

தமிழில் பெயர் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தையல் பிரிவு வருகைப் பதிவேட்டில் பொன்னுசாமி என்ற பெயர் சம்பளப் பட்டியலோடு சேரவே இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒரு இடத்தில் 'பொ' எழுத்தின் கொம்பும் காலும் ஒரே குறியாக ஏறியிருந்தது, இன்னொரு இடத்தில் இரண்டு தனிக் குறிகளாக ஏறியிருந்தது. யூனிகோடு நார்மலைஸ் என்ற கட்டளையில் என்.எஃப்.சி. என்ற, குறிகளைச் சேர்த்து எழுதும் வடிவத்தைக் கேட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதேபோல் தமிழ் உள்ள சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை எக்செல்லில் திறக்கப் போகிறீர்கள் என்றால் யு.டி.எஃப்-8-சிக் என்று சேமியுங்கள், எழுத்து உடையாது. இந்த இரண்டையும் கண்டுபிடிக்க எனக்குப் பல இரவுகள் ஆகின.

கற்றதில் பயன்படாதவையும் நிறைய. கிளாஸ் என்ற நிரல் அமைப்பை எழுதப் படித்தேன், மூன்று வருடத்தில் ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. தினமும் கைக்கு வருவது பத்துப் பன்னிரண்டு கட்டளைகள்தான். செலவு என்று எதுவும் இல்லை: பைத்தானும் பாண்டாஸும் இலவசம், என் பழைய லேப்டாப்பே போதும். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரலே எழுதிக் கொடுத்துவிடுகிறது. நானும் கேட்கிறேன். ஆனால் கம்பெனிக் கோப்பை அதில் ஏற்றுவதில்லை, தலைப்புகளை மட்டும் சொல்லிக் கேட்பேன். அது கொடுத்ததிலும் ஒன்றுக்கு ஒன்று என்ற காவல் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். பல முறை இருப்பதில்லை.

"என்னம்மா, டூ-பி முடிஞ்சுதா?" என்று முதலாளி 14ஆம் தேதி மாலையே கேட்கிறார். "முடிஞ்சுதுங்க" என்று சொல்ல முடிகிறது.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு இப்போது சொல்லித் தருகிறேன். முதல் நாளே பழைய 2பி-யின் நகலைத்தான் கொடுத்தேன். ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பிழைச் செய்தி வந்ததும் முகம் வாடிவிட்டது. கீழிருந்து படிக்கச் சொன்னேன். "அக்கா, கடைசி வரி மட்டும் பாத்தா போதுங்களா?" என்றாள். முதலில் அது போதும். அந்த வரியில் இருந்தது தலைப்பில் ஒரு இடைவெளி கூடிப்போன விஷயம். அவளே கண்டுபிடித்து எடுத்தாள். அடுத்த மாதக் கோப்பை அவள்தான் ஓட்டப் போகிறாள், கூட்டுத்தொகையை மட்டும் இருவரும் சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு.