'கொம்பனி வொரன்டி' என்று சொல்லி விற்கும் போன்கள்: கவனம்

கொழும்பில் புது போன் வாங்கப் போகிறவர்களுக்கு. 'கொம்பனி வொரன்டி' என்று விற்கப்படுகிற செட்டுகள் எல்லாவற்றுக்கும் கொம்பனி பொறுப்பில்லை.

புறக்கோட்டை, பம்பலப்பிட்டிப் பக்கம் வழமையாக நடப்பது இது. டுபாய் சந்தைக்கென்று வந்த செட்டைக் கடைக்காரர் தானே இறக்கி, ஏஜென்ட் (கொம்பனி இங்கே அங்கீகரித்த இறக்குமதியாளர்) விலையை விடக் குறைத்துத் தருகிறார். வாயால் 'ஒரு வருஷம் கொம்பனி வொரன்டி' என்பார். பில்லின் அடியில் பொடி எழுத்தில் '1 வருடம் = 350 நாள்' என்றிருக்கும். அந்த 15 நாள் எங்கே போனதென்று யாரும் கேட்பதில்லை. சில மாதத்தில் டிஸ்ப்ளே போகும். ஏஜென்டின் சேவை நிலையத்தில் ஐ.எம்.ஈ.ஐ. எனும் செட்டின் தனி அடையாள இலக்கத்தை அடித்துப் பார்த்துவிட்டு, 'இது நாங்கள் இறக்கினது இல்லை' என்று திருப்பித் தருவார்கள். அன்றிரவே முகநூலில் கொம்பனிக்கு அர்ச்சனை நடக்கும். விற்ற கடையின் பெயர் அதில் ஒரு வரிகூட இராது. கடைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பெரிய கொம்பனிகள் உத்தமர்கள் என்று இல்லை. பழைய பற்றரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 ஆக இறக்கியது. அதைப் பணிய வைத்தது வசவு இல்லை. பற்றரி மாற்ற முன்னும் பின்னும் போனின் வேகத்தை அளந்து பாவனையாளர்கள் வெளியிட்ட இலக்கங்கள்தான். 'எல்லாரும் கள்ளர்' என்று எழுதினால் எந்தக் கொம்பனியும் பதில் சொல்லத் தேவையில்லை.

காசு கொடுக்க முன் *#06# அடித்து வரும் 15 இலக்கமும் பெட்டியிலுள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான செட்டா என்பது மட்டுமே அதில் தெரியும். பதிவு வேறு, வொரன்டி வேறு; பலர் குழம்புவது இங்கேதான். வொரன்டி அட்டையில் ஏஜென்டின் முத்திரை வேண்டும், பில்லில் ஐ.எம்.ஈ.ஐ. எழுதியிருக்க வேண்டும்.

திருத்தக் கொடுக்கும்போது இன்னொன்று. பல செட்டுகளில் சிம் தட்டைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்தால் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். தண்ணீர் பட்டால் அது சிவக்கும். ஒப்படைக்க முன் அதைப் படமெடுத்து, செட்டைப் பொறுப்பேற்றுச் சேவை நிலையம் தரும் ஜொப் சீட்டிலும் நிலையை எழுதுவியுங்கள். முதலே சிவப்பென்றால் வொரன்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. வெள்ளையாகக் கொடுத்தது சிவப்பாகத் திரும்பி வந்தால் அந்தப் படத்தைப் போட்டு எழுதுங்கள், சேவை நிலையத்தின் கிளையையும் திகதியையும் சேர்த்து.

கடை கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். ஆனால் அழைப்போடு நிற்காமல், பில், வொரன்டி அட்டை, ஜொப் சீட் மூன்றின் பிரதியையும் இணைத்து எழுத்தில் முறையிடுங்கள். நாள் கடத்த வேண்டாம். முறைப்பாட்டில் பிரதிவாதி பில்லில் பெயருள்ள கடை, பெட்டியில் பெயருள்ள கொம்பனி இல்லை.