அச்சகத்துக்கு எதைக் கொடுப்பது: ஓப்பன் ஃபைலா, பிடிஎஃபா?

ராயப்பேட்டை ஜானி ஜான் கான் சாலையிலோ திருவல்லிக்கேணியிலோ ஓர் ஆஃப்செட் அச்சகத்துக்குள் போய், காகிதம், பிரதி எண்ணிக்கை, விலை எல்லாம் பேசி முடித்தால் அடுத்து இந்தக் கேள்வி வரும்: "ஓப்பன் ஃபைல் இருக்கா சார்?" திருத்தக்கூடிய மூலக் கோப்பை, அதாவது கோரல் டிராவில் செய்த சிடிஆர் கோப்பையோ, இன்டிசைன் ஃபோல்டரையோ, அப்படியே கேட்கிறார்கள். அண்மையில் சிறுவர்களுக்கான படக்கதைப் புத்தகம் ஒன்றை அச்சுக்கு அனுப்பியபோது நான் அதைக் கொடுக்கவில்லை. அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் மட்டும் கொடுத்தேன். ஏன் என்பதை, எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முன்னால் ஓவியர்கள், சிறு பதிப்பாளர்கள், ஆண்டுமலர் போடுகிறவர்கள் என்று பலர் இதே கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள்.

இரண்டு வழிக்கும் பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடலாம். வெட்டு விளிம்புக்கு வெளியே 3 மி.மீ. ப்ளீட், அதாவது படமோ நிறமோ நீளும் உபரி ஓரம், வேண்டும். படங்கள் அச்சாகும் அளவில் 300 டிபிஐ இருக்க வேண்டும். எழுத்தும் முகங்களும் வெட்டுக்கோட்டை ஒட்டி இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லை டிரைவ் லிங்க் கொடுங்கள். ஜேபெக் கொடுத்து அச்சடிப்பவர்களும் உண்டு. எழுத்தே இல்லாத போஸ்டர் என்றால் சரி. எழுத்து இருந்தால் வேண்டாம். எழுத்தும் படத்தோடு படமாகிவிடும், ஓரங்கள் மங்கும்.

ஓப்பன் ஃபைல் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு வரும் கோப்புகளில் ப்ளீட் இருக்காது, பக்க அளவு ஏ4-இல் இருக்கும், கேட்டதோ டெமி 1/8 (வழக்கமான புத்தக அளவுகளில் ஒன்று). மூலக் கோப்பு கையில் இருந்தால் ஆபரேட்டரே சரிசெய்து வேலையை ஓட்டிவிடுவார். பின்னட்டையில் விலை மாறினால் நம்மைத் தேட வேண்டியதில்லை. முதுகுப் பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். 160 பக்கம் என்றால் 80 தாள். தாளின் கனம் மில்லுக்கு மில் கொஞ்சம் வேறுபடும். பேசிய மேப்லித்தோ (பூச்சில்லாத அச்சுக் காகிதம்) கிடைக்காமல் வேறு காகிதம் போட்டால் முதுகின் அகலம் ஒரு மி.மீ. வரை கூட நகரலாம். அட்டையின் மூலக் கோப்பு இருந்தால் அதை அங்கேயே சரிசெய்யலாம். பிடிஎஃப் என்றால் நாம்தான் மறுபடி செய்து அனுப்ப வேண்டும், அதற்குள் மெஷினில் வேறு வேலை ஏறிவிடும். டிசம்பரில் அச்சகங்களில் இருக்கும் நெரிசல் தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவு இருந்தும் நான் பிடிஎஃப் பக்கம் நிற்கக் காரணம் ஒன்றுதான்: எழுத்து. தமிழ் எழுத்து.

நாம் சிடிஆர் கொடுத்தாலும் பெரும்பாலும் பிளேட்டுக்கு (அச்சடிக்கும் தகட்டுக்கு) போவது சிடிஆர் இல்லை. சிடிபி (கம்ப்யூட்டர் டு பிளேட்) வந்த பிறகு ஃபிலிம், பாசிட்டிவ் எல்லாம் போய், கணினியிலிருந்து நேராக பிளேட். அதற்காக அச்சகத்து ஆபரேட்டர் நம் கோப்பைத் தன் கணினியில் திறந்து, தன்னிடம் இருக்கும் ஃபான்ட்டுகளோடு, தனக்குப் பழகிய செட்டிங்கில் ஒரு பிடிஎஃப் எடுக்கிறார். ஆக, எப்படியும் பிடிஎஃப் உண்டு. அதை எடுப்பது நாமா, அவரா என்பதுதான் மிச்சம். எழுத்து எப்படி விழும் என்பது அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிறது.

தமிழுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஆங்கிலத்தில் ஒரு ஃபான்ட் இல்லையென்றால் வேறு ஃபான்ட் வந்து உட்காரும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் படிக்க முடியும். தமிழில் அந்தச் சலுகை இல்லை. இன்றும் டிடிபி வேலையில் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய குறியீட்டு ஃபான்ட்டுகள் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை) புழங்குகின்றன. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்று எழுத்துக் குறியீட்டுத் தரங்களைக் கொண்டுவந்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சேர்ந்த கோப்புகள் எல்லாக் குறியீட்டிலும் கிடக்கின்றன. அந்த ஃபான்ட் எதிர்க் கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அது பரவாயில்லை, யார் கண்ணிலும் படும், போன் வரும். கண்ணில் படாமல் நடப்பதுதான் ஆபத்து. ஒரே பெயரில் ஃபான்ட்டின் இரண்டு பதிப்புகள் இருக்கும். எழுத்தின் அகலம் மயிரிழை மாறும். ஒரு வரி உடையும். அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்கு வழியும். எனக்குத் தெரிந்த பதிப்பாளர் ஒருவரின் கவிதைத் தொகுப்பில், பக்கத்தின் கடைசி வரி ஃபிரேமுக்குள் அடங்காமல் காணாமலே போனது. அச்சாகி, பைண்டிங் முடிந்து, கவிஞர் கையில் புத்தகம் போன பிறகுதான் தெரிந்தது.

யூனிகோடில் வேறு விதமான தொல்லை. 'கொ' என்று நாம் தட்டுவதை, இரண்டு பக்கமும் கொம்பும் காலும் போட்டு எழுத்தாக்குவது மென்பொருளின் வேலை. அது தெரியாத பழைய கோரல் பதிப்பிலோ, இந்திய மொழிகளுக்கான கம்போசருக்கு (எழுத்தைக் கோக்கும் அமைப்புக்கு) மாற்றாமல் விட்ட இன்டிசைனிலோ திறந்தால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். நம் கணினியில் சரியாகத் தெரிந்தது அங்கேயும் சரியாகத் தெரியும் என்பதற்கு ஓப்பன் ஃபைலில் எந்த உறுதியும் கிடையாது. போதாக்குறைக்கு, புதிய கோரலில் சேமித்த கோப்பு பழைய கோரலில் திறக்காது. பழைய பதிப்புக்கு இறக்கிச் சேமித்தால் சில எஃபெக்டுகள் கழன்றுவிடும்.

பிடிஎஃபில் நாம் பயன்படுத்திய எழுத்து வடிவங்கள் கோப்புக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அச்சகத்தில் ஃபான்ட் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே எழாது. அக்ரோபாட்டில் டாக்குமென்ட் ப்ராபர்ட்டீஸ் திறந்து ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' அல்லது 'எம்பெடட்' என்று இருக்க வேண்டும். ஒரு பெயருக்கு இல்லையென்றாலும் அனுப்பாதீர்கள்.

"எழுத்தை கர்வ் பண்ணிக் குடுத்துடுங்க, பிரச்சினையே வராது" என்பார்கள். ஓப்பன் ஃபைல் கட்சியின் வலுவான பதில் இதுதான். கோரலில் கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ். எழுத்து வெறும் உருவமாகிவிடும், ஃபான்ட் தேவைப்படாது. அட்டைக்கும் துண்டறிக்கைக்கும் இது நல்ல வழிதான், நானும் செய்வேன். ஆனால் நூறு பக்கத்துக்கு மேல் ஓடும் புத்தகத்தில் கோப்பு கனத்துப் போகும். அப்புறம், கர்வ் செய்த பிறகும் அது திறந்த கோப்பு. மவுஸ் தவறிப் பட்டால் ஒரு புள்ளியோ ஒரு துணைக்காலோ தனியாக நகரும். 'கல்' 'கல' ஆகும். எழுத்து உருவமாகிவிட்டதால் எந்தத் தேடலும் அதைப் பிடிக்காது. கர்வ் செய்யாத மூலப் பிரதியைத் தனியாக வைக்க மறந்தால் மறுபதிப்பில் ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியாது.

எழுத்தின் வடிவம் மட்டும் இல்லை, எழுத்தின் கருப்பும் இதில் சேரும். திரையில் கருப்பு என்றால் கருப்பு. அச்சில் இரண்டு வகை இருக்கிறது: கருப்பு மை மட்டும் 100 சதவீதம், இல்லையென்றால் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு நான்கும் கலந்த கருப்பு. ஆர்ஜிபியில் (திரையின் வண்ண முறையில்) வைத்த கருப்பு, சிஎம்ஒய்கேக்கு (இந்த நான்கு மை முறைக்கு) மாறும்போது அநேகமாக இரண்டாவது வகையாகிவிடும். நான்கு மைகளும் நான்கு பிளேட்டிலிருந்து வருகின்றன. இம்மியளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்போ நீலமோ ஓரம் கட்டும். பெரிய தலைப்பில் தெரியாது. 11 பாயின்ட் எழுத்தில், ண, ஞ, ணை போன்ற சுழிகளுக்குள் மை நிரம்பி அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி கலங்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காகிதம் ஈரம் குடித்து விரியும். அந்த நாட்களில் பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவைப்பது மெஷின்மேனுக்கு இன்னும் சிரமம். புத்தகக் காட்சிக்கான வேலைகள் ஓடுவதும் அதே மாதங்களில்தான்.

இதைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. அக்ரோபாட் ப்ரோவில் அவுட்புட் ப்ரிவ்யூவைத் திறந்து கருப்பு பிளேட்டை மட்டும் அணைத்துப் பாருங்கள். உள்ளடக்கத்தின் கருப்பு எழுத்துகள் எல்லாம் மறைந்தால் சரி. நிழல்போலக் கொஞ்சம் மிஞ்சி நின்றால் அது நான்கு வண்ணக் கருப்பு. கருப்பு எழுத்து வண்ணப் படத்தின் மேல் வந்தால் ஓவர்பிரின்ட்டில் (அடியிலுள்ள நிறத்தை அகற்றாமல் அதன் மேலேயே அச்சாகும்படி) இருக்கட்டும். ஆனால் வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரின்ட் விழுந்திருந்தால் அச்சில் அது இல்லாமலே போகும். கருப்பாக இருந்ததை வெள்ளையாக மாற்றும்போது இது அடிக்கடி நடக்கும். ஓவர்பிரின்ட் ப்ரிவ்யூ போட்டால் அனுப்பும் முன்பே தெரிந்துவிடும். இத்தனை சோதனையும் நாம் எடுத்த பிடிஎஃபில் செய்தால்தான் பயன். ஓப்பன் ஃபைலைக் கொடுத்துவிட்டால், பிளேட்டுக்குப் போகும் பிடிஎஃபை நாம் பார்க்கவே மாட்டோம்.

எந்த பிடிஎஃப் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேர்டிலிருந்து சேமிப்பதும் பிடிஎஃப்தான். அச்சுக்கென்று பிடிஎஃப் எக்ஸ் என்ற ஐஎஸ்ஓ தரம் உண்டு. எக்ஸ்-1ஏ பழையது, 2001-இல் வந்தது: எல்லா ஃபான்ட்டும் உள்ளே இருக்க வேண்டும், ஆர்ஜிபி கூடாது, டிரான்ஸ்பரன்சி (அடியிலிருப்பது தெரியும் நிழல், மங்கல்) கூடாது. எக்ஸ்-4 பிற்பாடு வந்தது: டிரான்ஸ்பரன்சியை அப்படியே வைத்திருக்கும், ஐசிசி ப்ரொஃபைலோடு (நிறங்களை விவரிக்கும் கோப்போடு) ஆர்ஜிபி படங்களையும் ஏற்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் எக்ஸ்-4 மேல். ஆனாலும் நான் எக்ஸ்-1ஏ கொடுக்கிறேன். நான் போகும் அச்சகங்களில் எல்லா ரிப்பும் (பிடிஎஃபை பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) எக்ஸ்-4-ஐ ஒரே மாதிரி கையாளும் என்று நம்பிக் கொடுக்கத் துணிவில்லை. எக்ஸ்-1ஏ எடுக்கும்போது நிழல், மங்கல் எல்லாம் தட்டையாக்கப்படும். அவற்றுக்குக் கீழே இருக்கும் எழுத்து படமாக மாறிவிடலாம். அதனால் எழுத்தை எப்போதும் மேல் லேயரில் வையுங்கள்.

நிறத்தில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டேன். டேப்லெட்டில் வரைந்த கிளிப்பச்சையும் சாமந்தி ஆரஞ்சும் எந்தக் கோப்பில் கொடுத்தாலும் காகிதத்தில் மங்கும். ஆர்ஜிபியின் அந்தப் பிரகாசம் நான்கு மைக்கு எட்டாது. கிரிட்டாவிலோ ஃபோட்டோஷாப்பிலோ நீங்களே சிஎம்ஒய்கேக்கு மாற்றி, மங்கியதைப் பார்த்துத் திருத்தி அனுப்பினால் அதிர்ச்சி குறையும். ஆர்ட் பேப்பரா மேப்லித்தோவா என்று சொல்லி, எந்த ப்ரொஃபைல் என்று அச்சகத்திடமே கேளுங்கள். மேப்லித்தோ மையை அதிகம் உறிஞ்சும், அதற்கு மொத்த மை அளவைக் குறைத்துப் போட வேண்டும்.

மென்பொருளுக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஸ்க்ரைபஸ் இருக்கிறது, இலவசம், எக்ஸ்-1ஏ எடுக்கும். 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போடுங்கள், பழைய 1.4-இல் யூனிகோட் தமிழ் சரியாக இணையாது. அஃபினிட்டி பப்ளிஷர் விலை குறைவு என்று பலர் வாங்கினார்கள், ஆனால் அதன் 1, 2 பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் சேர்வதில்லை. தமிழ்ப் புத்தகத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

முதுகு அகலப் பிரச்சினைக்கு நான் கண்ட வழி, அட்டையையும் உள்பக்கங்களையும் தனித்தனி பிடிஎஃபாகக் கொடுப்பது. உள்பக்கங்களை முதலில் அனுப்பிவிடுவேன். காகிதம் அச்சகத்துக்கு வந்து சேர்ந்ததும், அதே தாளில் அதே பக்க எண்ணிக்கைக்கு வெற்று டம்மி ஒன்று கட்டித் தரச் சொல்லி, அளந்து, பிறகே அட்டையை முடிப்பேன். மூலக் கோப்பு, ஃபான்ட், படங்கள் மூன்றும் ஒரே ஃபோல்டரில் என்னிடம் இருக்கும். கடைசி நேரத் திருத்தம் வந்தால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதிய பிடிஎஃபாக அனுப்பலாம். அச்சகத்துக்குக் கொஞ்சம் காத்திருப்புதான். ஆனால் எந்தத் திருத்தமும் நமக்குத் தெரியாமல் நடக்காது.

நான் சொல்வது புத்தகம், மலர், போஸ்டர் வேலைகளுக்கு. அட்டைப்பெட்டி, லேபிள் வேலைகள் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அங்கே டை வெட்டு (வடிவத்துக்கு வெட்டுவது), ட்ராப்பிங் (அடுத்தடுத்த நிறங்களை இம்மியளவு ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுவது) என்று அச்சகமே கை வைக்க வேண்டிய இடங்கள் அதிகம். மூலக் கோப்பு கேட்டால் காரணம் இருக்கும், கொடுத்துவிடுவது நல்லது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் ஓப்பன் ஃபைல்தான் சரி. அச்சுக்குப் போகும் அன்று காலையில்கூட யாராவது ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனது நினைவுக்கு வரும். கடையிலேயே உட்கார்ந்து சேர்த்து, திரையில் இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அங்கேயே ஓகே சொல்லிவிட்டு வரலாம்.