பிள்ளை பெற்றவள் மனசுக்கு எது சரி: ஃபோனா, வேதுக்குளியா, தாலாட்டா?

புளியரை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் அம்மா வீடு. மலையேறி அந்தப் பக்கம் போனால் ஆரியங்காவில் மாமியார் வீடு. பேறுகாலத்தில் இரண்டு வீட்டு வைத்தியமும் கிடைத்தது, கூடவே ஃபோனில் வந்த தியானமும். மூன்றையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஃபோனில் வந்தது 'பாடி ஸ்கேன்'. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியில், அதாவது இந்த நிமிடத்தில் நடப்பதை மட்டும் கவனிக்கும் பயிற்சியில், ஒரு பகுதி. படுத்தபடி கால் விரலிலிருந்து உச்சந்தலைவரை ஒவ்வொரு இடமாகக் கவனிக்க வேண்டும். முழுசாகச் செய்தால் 45 நிமிடம். நாள்பட்ட வலியோடு இருந்தவர்களுக்காக வந்தது அது, பச்சை உடம்புக்காரிக்காக இல்லை. நான் ஒருநாளும் முழங்காலைத் தாண்டியதில்லை, அதற்குள் தொட்டில் அழும். சிசேரியன் ஆனவர்களுக்கு வயிற்றுப் பக்கம் கவனம் போனாலே பிரசவ அறை ஞாபகம் வந்து படபடக்கலாம். அப்போது கண்ணைத் திறந்து நிறுத்திவிட வேண்டியதுதான்.

அதையே சுருக்கிப் பால் கொடுக்கும் நேரத்தில் வைத்தபோது பலித்தது. பிள்ளை வாய் வைத்ததும் தோளைத் தளர்த்தி, மூச்சை மெல்ல நீளமாக விட்டு, குழந்தையின் விழுங்கும் சத்தத்தைக் கேட்பது. மூன்று நிமிடம் போதும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை எப்படியும் பால் கொடுக்கிறோம், தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

மாமியார் வீட்டில் வேதுக்குளி. தன்வந்தரம் குழம்பைச் சூடாக்கித் தேய்ப்பார்கள். குழம்பு என்றதும் சோற்றில் ஊற்றுவதை நினைக்காதீர்கள், மலையாளத்தில் கெட்டித் தைலத்துக்கும் அதுதான் பேர். அப்புறம் புளியிலையும் பலா இலையும் போட்டுக் காய்ச்சிய வெந்நீர். அத்தை செம்பால் மொண்டு முதுகில் ஊற்றும்போது, அடுத்த செம்பு எங்கே விழும் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மனசில் ஓடியதில்லை. தியானம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் பிள்ளை மாமனார் மடியில். எனக்கு நிம்மதி தந்ததில் தைலத்துக்குப் பாதி, அந்த மடிக்குப் பாதி. தையல் போட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

தாலாட்டு ஆச்சியின் சிபாரிசு. ஒரு அடியை இழுத்துப் பாடினால் மூச்சு தானாக நீளும், நெஞ்சுத் துடிப்பு தணியும். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே கைகொடுத்தது.

ஆக, என் வரிசையில் குளியல் முதல், பால் நேர மூச்சு இரண்டாவது, ராத்திரிக்குத் தாலாட்டு. முழு பாடி ஸ்கேனைப் பிள்ளை இரவு தூங்கப் பழகிய பிறகு பார்க்கலாம்.

இவை எதுவும் மருந்தல்ல. பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் உண்டு, பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்குமோ என்று அதில் ஓரளவு தெரியும், முடிவு டாக்டர்தான் சொல்ல வேண்டும். தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இலவசம்.

தம்பி பெண்டாட்டிக்கு இன்று இருபதாம் நாள். அவளுக்கு நான் எந்த ஆப்பும் அனுப்பவில்லை. காலை பத்து மணிக்குப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொள்கிறேன்.