சிவப்புக் கோடு போட்ட மாத்திரை, சில்லறைக் கணக்கில்

சிங்கப்பூரிலிருந்து இம்முறை மன்னார்குடிக்குப் போனபோது வங்கி, பட்டா, ஆதார் வேலைகள் எல்லாம் அலைச்சலில்லாமல் முடிந்தன. கவலை தந்தது மருந்துக்கடைதான்.

மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க நின்றிருந்தேன். முன்னால் நின்றவர், "இரண்டு நாளாகச் சளி, தொண்டை வலி" என்றார். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரைகளை மட்டும் வெட்டி, பாரசிட்டமாலோடு காகித உறையில் போட்டுக் கொடுத்தார். வெட்டிய துண்டில் காலாவதித் தேதி இல்லை. சிவப்புக் கோடு மட்டும் இருந்தது.

மருத்துவர் சீட்டில்லாமல் இதைச் சாப்பிடக் கூடாது என்பதுதான் அந்தக் கோட்டுக்குப் பொருள். மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் இதற்கென்றே விழிப்புணர்வுப் பிரசாரம் தொடங்கியது. செஃபிக்ஸிம் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். மருந்து விற்பனை விதிகளில் 'எச்1' என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி இது.

விதி இருந்தும் ஏன் இப்படி? அத்தையின் மருந்து டப்பாவைத் திறந்தபோது பாதிக் காரணம் புரிந்தது. மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் அட்டைகள் அதில் கிடந்தன. "போன தடவை இதில்தான் கேட்டது" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஒரு வாரத்தில் தானாகவே அடங்கும். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அந்த மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு மசிபவை சாகின்றன, மசியாதவை பெருகுகின்றன. நாளை நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் அதே மருந்து கைவிட்டுவிடலாம். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019இல் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

இருமிக்கொண்டிருந்த அத்தையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கூட்டம் இருந்தது, ஆனால் காசு வாங்கவில்லை, பார்த்த விதமும் மனநிறைவாக இருந்தது. பெண் மருத்துவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். "வைரஸ்தான் அம்மா, ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல் விடாமல் அடித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வாருங்கள்" என்றார். அத்தைக்குத் திருப்தியில்லை. "ஒரு ஊசிகூடப் போடவில்லையே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இந்த ஏமாற்றத்தை அன்றாடம் முகத்துக்கு நேரே பார்த்தும் அந்த மருத்துவர் வளைந்து கொடுக்காததை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கூலி வேலைக்குப் போகிறவருக்கு இதே வரிசை ஒரு நாள் சம்பளம். மாலையிலும் திறந்திருக்கும் அரசு மருத்துவமனைப் பிரிவு இருந்தால் கடையில் கேட்டு வாங்குபவர்களில் பலர் அங்கே போவார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு கடையில் ஓர் இளைஞர், சீட்டில்லாமல் செஃபிக்ஸிம் கேட்டவரிடம் "அண்ணே, மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று பணிவாக மறுத்தார். வந்தவர் கோபமாக எதிர்க்கடைக்குப் போய்விட்டார். மாமாவின் மாத மருந்துகளை இனி அந்த இளைஞர் கடையிலேயே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.