ஓடிபியா, டோக்கனா, சாவியா?

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் கேட்டார்: "தம்பி, கடை ஈமெயிலுக்கும் பேங்குக்கும் இருக்கிறதிலேயே பெரிய பூட்டு எது?"

இணையத் திருடன் பூட்டோடு மல்லுக்கட்டுவது குறைவு. நம்மைக் கொண்டே திறக்க வைப்பதுதான் அவனுக்குச் சுலபம். அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான்: நாம் ஏமாந்த பிறகும் எது தாங்கும்?

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி தாங்காது. 2021 டிசம்பரில் ஓசிபிசி பெயரில் வந்த போலிச் செய்திகள், வங்கியின் அசல் செய்திகள் இருந்த அதே வரிசையில் வந்து உட்கார்ந்தன. சுட்டியைத் தட்டியவர்கள் போலித் தளத்தில் எல்லாவற்றையும் தாங்களே தட்டச்சு செய்து கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 790 பேர், போனது 13.7 மில்லியன் வெள்ளி. அவர்களை அசடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வரிசையில் வந்தால் நானும் நம்பியிருப்பேன்.

டிஜிட்டல் டோக்கன், அதாவது வங்கிச் செயலியிலேயே அனுமதி கொடுக்கும் முறை, ஒரு படி மேல். டோக்கன் வைத்திருப்பவர்கள் வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி பயன்படுத்துவதை மூன்று மாதத்துக்குள் நிறுத்தப்போவதாக 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. வாசித்துச் சொல்ல எண் கிடையாது, சரி. ஆனால் 'அனுமதி' பொத்தானை அழுத்த வைக்கத் திருடனுக்குத் தெரியும்.

மூன்றாவது, கணினியில் செருகும் சின்ன யுஎஸ்பி சாவி அல்லது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியிலேயே இருக்கும் மின்சாவியான பாஸ்கீ. 2022இல் அமெரிக்காவின் டிவிலியோ, கிளவுட்ஃப்ளேர் இரண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் ஒரே பாணியில் போலிச் செய்திகள் போயின. இரண்டு இடத்திலும் ஆள்கள் ஏமாந்தார்கள். கிளவுட்ஃப்ளேரில் மூன்று பேர் கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டார்கள். டிவிலியோவில் வாடிக்கையாளர் தகவல் வரை திருடர்கள் போனார்கள். கிளவுட்ஃப்ளேரில் உள்ளே நுழையவே முடியவில்லை, ஏனென்றால் அங்கே எல்லோரிடமும் சாவி இருந்தது. பதிவு செய்த அசல் முகவரிக்குத்தான் அது பதில் சொல்லும். ஒரு எழுத்து மாறிய போலி முகவரி நம் கண்ணுக்குத் தப்பலாம், சாவிக்குத் தப்பாது.

ஈமெயிலுக்குச் சாவிதான் என்றேன். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி அங்கேதானே இருக்கிறது. பேங்கில் அவர்கள் தருவதைத்தான் எடுக்க முடியும்: டோக்கன், கூடவே அன்றாடம் தொடாத பணத்துக்கு 'மணி லாக்', அதாவது அதை இணையம் வழி எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி. சப்ளையர் பெயரில் "கணக்கு எண் மாறிவிட்டது" என்று ஈமெயில் வந்தால் இவை எதுவும் உதவாது. பழைய நம்பரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

"சாவி தொலைஞ்சிட்டா?"

"ரெண்டா வாங்குங்கண்ணே. ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்."

"அப்போ அண்ணிகிட்ட குடுத்துடறேன். என்கிட்ட இருந்தா ரெண்டுமே தொலையும்."