எட்டு வருஷ மல்டிமீட்டர், ஆறு வருஷ மெக்கர்: என் அனுபவம்

மோட்டார், வயரிங் வேலைக்கு எட்டு வருஷமாக ஒரே டிஜிட்டல் மல்டிமீட்டரைத்தான் வைத்திருக்கிறேன். மெக்கர், அதாவது அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர், வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. மல்டிமீட்டரிலேயே ரெசிஸ்டன்ஸ் பார்க்க ஓம் ரேஞ்ச் இருக்கிறதே, மெக்கர் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

செம்புக் கம்பியைப் பார்க்க மல்டிமீட்டர் போதும். ஆனால் ஒரு ஓமுக்குக் கீழே வந்துவிட்டால் ரீடிங்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். அப்படியென்றால் பத்து மீட்டருக்கு 0.12 ஓம்தான். என் மீட்டரில் இரண்டு ப்ரோபையும் ஒட்டிப் பிடித்தாலே 0.2 காட்டும்! லீட் நைந்து, முனை கறுத்த பிறகு அதுவே 0.6 ஆனது. லீட் மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது முதலில் ப்ரோப்களை ஒட்டிப் பார்த்து, அந்த அளவைக் கழித்துக்கொள்கிறேன்.

சூட்டையும் கவனியுங்கள். ஓடி நின்ற மோட்டாரின் வைண்டிங் (உள்ளே சுற்றிய செம்புக் கம்பி) கூடுதல் ஓம்தான் காட்டும். செம்பு 50 டிகிரி சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் ஐந்தில் ஒரு பங்கு ஏறும்.

இன்சுலேஷன் கதையே வேறு. சூடும் ஈரமும் ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். ஒரு பம்ப் மோட்டார் அவ்வப்போது ஆர்சிசிபியை (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் செய்துகொண்டிருந்தது. வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 'ஓஎல்', அதாவது அளக்க முடியாத அளவு அதிக ஓம். குறையே இல்லை என்றுதான் தோன்றும். மெக்கரில் 500 வோல்ட் கொடுத்ததும் ரீடிங் கொஞ்சம் ஏறி, சட்டென்று சுழியத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. பிரித்துப் பார்த்தால், வைண்டிங் உட்காரும் ஸ்லாட்டின் வாயில் இன்சுலேஷன் பேப்பர் நகக்கண் அளவுக்குக் கருகியிருந்தது. மல்டிமீட்டர் ஓம் பார்க்கச் சில வோல்ட்தான் கொடுக்கிறது. அந்தச் சில வோல்ட்டுக்கு இந்தப் பலவீனம் தெரியவே தெரியாது. அன்றைக்கே மெக்கருக்குக் கொடுத்த காசு தகும் என்று பட்டது.

இன்னொன்று, மெக்கரின் பட்டனை ஒரு நிமிஷமாவது அழுத்திப் பிடியுங்கள். நல்ல இன்சுலேஷனில் ரீடிங் மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஏறாமல் தாழ்வாகவே நின்றால் ஈரமோ அழுக்கோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சப்ளையை ஆஃப் செய்யாமல் ஓம் பார்க்க இரண்டு மீட்டரையுமே வைக்காதீர்கள். எலக்ட்ரானிக் போர்டு இருந்தால் கழற்றிவிட்டு மெக்கர் போடுங்கள். நீளமான கேபிள் சோதனை முடிந்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதா என்று பார்க்காமல் முனையில் கை வைக்க வேண்டாம்.